எங்கள் அச்சகங்களில் தாள் போடும் பக்கம்

பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

யாழ்ப்பாணத்து அச்சகங்களின் வேலை துப்புரவாக இல்லை என்றும், அதனாலேயே எழுத்தாளர்கள் தமது நூல்களைச் சென்னைக்கும் கொழும்புக்கும் கொண்டுபோகிறார்கள் என்றும், இவற்றுக்கெல்லாம் காரணம் இங்குள்ள இயந்திரங்களின் பழமையே என்றும் வாசகர் ஒருவர் தங்கள் பத்திரிகையில் எழுதியிருந்ததைப் படித்தேன். முதல் இரண்டு கூற்றுகளையும் வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன். மூன்றாவதை, 1974ஆம் ஆண்டு தொடக்கம் நாற்பத்தைந்து ஆண்டுகள் அச்சு இயந்திரங்களுக்குப் பக்கத்தில் நின்று பிழைத்தவன் என்ற முறையில், ஒப்புக்கொள்ள என்னால் முடியவில்லை. இங்கே ஓடும் இயந்திரங்களிற் பல முப்பது நாற்பது வயதானவை என்பது உண்மைதான். ஆனால் அதே வயதுடைய இயந்திரங்கள் வேறு ஊர்களில் இன்றும் குறை சொல்ல முடியாத வேலையைத் தருகின்றன. எங்களுடைய குறையிற் பெரும்பகுதி இயந்திரத்தின் ஒரு முனையில்தான் உற்பத்தியாகிறது. அதைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை என்பதால் இக்கடிதத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அச்சு இயந்திரம் என்றதும் பார்க்க வருபவரின் கண் மை றோலரிலும் பிளேற்றிலும் போய் நிற்கும். அங்கே எவ்வளவு நுட்பமான காரியம் நடந்தாலும், அதற்கு முன்னர் ஒவ்வொரு தாளும் அடுக்கிலிருந்து தனியே பிரிந்து, சரிவான பலகையின் மேல் ஓடி, உரிய கணத்தில் உரிய இடத்தில் கோணாமல் வந்து நிற்க வேண்டும். இந்த வேலையைச் செய்யும் பகுதியைத் தொழிலில் பீடர் என்போம்; தாளூட்டி என்று எழுதினாலும் பொருந்தும். வாடிக்கையாளர் கையில் எடுத்துக் காட்டும் குறைகளை நினைத்துப் பாருங்கள்: அழைப்பிதழில் சிவப்பு ஒரு பக்கம் விலகி எழுத்துக்கு நிழல் விழுந்தது போலிருத்தல், புத்தகத்தின் நடுவே வெள்ளைப் பக்கம், ஒரு பக்கத்தின் தலைவரி மேலேயும் அதன் பின்பக்கத்துத் தலைவரி கீழேயும் நிற்றல், மூலை மடிந்த தாளில் அரைகுறையாக விழுந்த படம். இவற்றில் எதுவும் மையின் குற்றமன்று. எல்லாம் தாள் போடும் பக்கத்திலிருந்து வருபவை.

இதில் எங்கள் ஊருக்கென்று ஒரு கூடுதல் பாரமும் உண்டு. நான்கு நிறத்தையும் ஒரே ஓட்டத்தில் அச்சிடும் இயந்திரம் வைத்திருப்பவர்கள் இங்கே சிலரே. ஏனையோர் ஒற்றை நிற இயந்திரத்தில் அதே தாளை நான்கு முறை போட்டெடுக்கிறார்கள். 2,000 தாள் கொண்ட வேலை என்றால் ஒரு பக்கத்துக்கு 8,000 முறை, இரு பக்கத்துக்கும் 16,000 முறை தாளூட்டி வேலை செய்ய வேண்டும். நான்கு நிற இயந்திரத்தில் ஒரு தாள் ஒருமுறை சரியாக வந்து நின்றுவிட்டால் அதற்குப் பின், தாளின் விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் கிரிப்பர்கள் அதை ஒன்றிடமிருந்து மற்றொன்று வாங்கிக்கொண்டு போய்விடும். ஒற்றை நிற இயந்திரத்திலோ அந்தத் தாள் நான்கு முறையும் அதே இடத்தில், மயிரிழை பிசகாமல் வந்து நிற்க வேண்டும். ஆகவே குறைந்த வசதியுள்ளவனுக்கே பீடர் மிக நன்றாக இருக்க வேண்டியிருக்கிறது. நடப்பதோ நேர்மாறாக இருக்கிறது.

நான் தொழில் பழகியது காலால் மிதிக்கும் ற்றெடில் மெசினில். அப்போது பீடர் என்பது நான்தான். வலது கையால் தாளை எடுத்துப் போட வேண்டும், இடது கையால் அச்சான தாளை எடுக்க வேண்டும், மெசின் வாய் திறந்து மூடும் அந்த இடைவெளிக்குள் இரண்டும் முடிந்துவிட வேண்டும். தாள் கோணலாக விழுந்துவிட்டால் இடது பக்கத்திலிருக்கும் பிடியைத் தள்ளி அந்த ஒரு அழுத்தத்தை மட்டும் விலக்கிக்கொள்ளலாம். அதற்குள் மனம் கணக்குப் போட்டு முடித்திருக்க வேண்டும். நன்றாகக் கைபடிந்தவர்கள் மணிக்கு ஆயிரம் தாள் போடுவார்கள். என்னுடைய வலது கைச் சுட்டுவிரலின் நகம் இன்றும் இரண்டாகப் பிளந்தே வளர்வதற்கு அந்த மெசின்தான் காரணம். பதினேழு வயதில், கோணலாகக் கிடந்த ஒரு தாளை நேராக்கப்போய் வாங்கிய வினை. எனக்குத் தொழில் சொல்லித்தந்த பெரியவர் மருந்து கட்டிவிட்டபின் சொன்னது: "கெட்ட தாள் போனால் போகட்டும் தம்பி, கை போனால் வராது."

அந்த மெசினில் தாள் வந்து நிற்பதற்கு மூன்று ஊசிகள் குத்தியிருப்போம்: அடிப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் ஒன்று. தாளின் கீழ் விளிம்பு இரண்டு ஊசியிலும், பக்க விளிம்பு ஒரு ஊசியிலும் தொட்டு நின்றால் அது அசையாமல் ஒரே இடத்தில் இருக்கும். உருவத்தை முதலில் இறப்பரில் ஏற்றி அதிலிருந்து தாளுக்கு மாற்றும், இன்று கோடிக்கணக்கில் விலைபோகும் ஒவ்செற் இயந்திரங்களிலும் இதே மூன்று புள்ளிக் கணக்குத்தான். முன்னால் தாளை நிறுத்தும் பிறன்ற் லே, அதாவது முன்நிறுத்தி, அந்த இரண்டு ஊசிகளின் வேலையைச் செய்கிறது; பக்கவாட்டில் சில மில்லிமீற்றர் இழுத்து நேர்ப்படுத்தும் சைட் லே மூன்றாவது ஊசி. வேகம் வந்ததே ஒழிய அடிப்படை மாறவில்லை என்பதை இளையவர்களுக்கு ஒருமுறை சொல்லிக் காட்டினால் அவர்களுக்குப் பாதிப் பயம் போய்விடும்.

1830களில் அமெரிக்க மிஷனார் மானிப்பாயில் நடத்திய அச்சுக்கூடத்திலும், 1841இல் உதயதாரகைப் பத்திரிகை வெளிவரத் தொடங்கியபோதும், பின்னர் ஆறுமுக நாவலர் சென்னை சென்று இயந்திரம் வாங்கிவந்து வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவியபோதும், ஒவ்வொரு தாளும் ஒருவருடைய கையால்தான் வைக்கப்பட்டது. கை அச்சில் இரண்டு பேர் சேர்ந்து நின்றாலும் மணிக்கு இருநூறு தாளைச் சற்றே தாண்டலாம். இலண்டனில் 1814ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் திகதி டைம்ஸ் பத்திரிகையை நீராவியில் அச்சிட்ட கோனிக் என்பவரின் இயந்திரம் மணிக்கு 1,100 தாள் தந்தது. ஆனால் அதற்கும் ஆளே நின்று தாள் கொடுத்தார். அதன் பின்னர் அச்சிடும் வேகம் ஏறிக்கொண்டே போக, தாள் கொடுக்கும் கை மட்டும் பின்தங்கிவிட்டது. அமெரிக்காவில் ஹோ நிறுவனம் செய்த பெரிய இயந்திரங்களைச் சுற்றிப் பத்துப் பேர் தட்டுத் தட்டாக நின்று தாள் கொடுத்தார்கள். ஒரு இயந்திரத்துக்குப் பத்துத் தாள் போடுபவர்! பத்திரிகைத் தொழில் தனித்தாளைக் கைவிட்டு உருளைத் தாளுக்குப் போனதற்கு இந்த நெருக்கடியும் ஒரு முக்கிய காரணம். தங்கள் பத்திரிகை உருளைத் தாளில் ஓடுவதால் இக்கடிதத்தில் வரும் தொல்லைகள் தங்கள் இயந்திரப் பகுதியினருக்கு இல்லை. அவர்களுக்கு வேறு தொல்லைகள் இருக்கும்.

தனித்தாளில் நின்ற எங்களைப் போன்ற சிறு அச்சகங்களுக்கு விடிவைக் கொடுத்தவர் ஜெர்மனியின் கொலோன் நகரைச் சேர்ந்த கார்ல் கில்க்கே. காற்றாடி போலச் சுழலும் இரண்டு கைகளில் ஒன்று தாளை வைக்க மற்றது எடுக்கும் அவருடைய அமைப்பை வைத்து ஹைடல்பேர்க் நிறுவனம் 1914இல் லைப்சிக் கண்காட்சியில் தனது தானியங்கி இயந்திரத்தை முன்வைத்தது. பிற்காலத்தில் அது மணிக்கு ஐயாயிரம் தாளைத் தாண்டியது. பற்றுச்சீட்டுப் புத்தகங்களுக்கு இலக்கம் போடவும் துளைவரி இடவும் அந்த இயந்திரம் இன்னமும் உழைக்கிறது. இன்னொன்றையும் இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. நாம் எல்லோரும் இன்று பிழைக்கும் ஒவ்செற் முறையே தாள் போடுவதில் நேர்ந்த ஒரு தவறிலிருந்துதான் பிறந்தது. அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் ஐரா ரூபல் என்ற அச்சகக்காரர், 1904 அளவில், கல்லச்சு இயந்திரத்தில் வேலை நடந்துகொண்டிருக்கையில் ஒரு தாள் தவறிப்போனதைக் கண்டார். தாள் இல்லாத அந்தச் சுற்றில் உருவம் நேரே அழுத்து உருளையின் இறப்பர் மேல் விழ, அடுத்து வந்த தாளின் முதுகில் அந்த உருவம் பதிந்திருந்தது. கல்லிலிருந்து நேரே விழுந்ததை விட அது தெளிவாகவும் இருந்தது. தாள் தவறியதைப் பார்த்துத் திட்டாமல் தாளைத் திருப்பிப் பார்த்தவர் அவர்.

இனி உறிஞ்சு காற்றில் இயங்கும் இன்றைய பீடருக்கு வருகிறேன். அடுக்கின் மேற்பக்கத்துச் சில தாள்களுக்கிடையில் முதலில் ஊது காற்றுப் புகுந்து அவற்றைத் தளர்த்த வேண்டும். பின்னர் சக்கர் எனப்படும் உறிஞ்சிகள் இறங்கி மேல் தாளை மட்டும் பற்றித் தூக்க வேண்டும். பெரிய இயந்திரங்களில் இது பின்விளிம்பிலும், சிறியவற்றிற் பெரும்பாலும் முன்விளிம்பிலும் நடக்கும். தூக்கிய தாளுக்குக் கீழே இன்னுமொரு காற்றுப் புகுந்து அதை மிதக்கவிட, மற்றச் சக்கர்கள் அதை முன்னே தள்ளிவிடும். அடுக்குக் குறையக் குறையப் பலகை தானாக மேலே ஏற வேண்டும். அடுக்கு அளவுக்கு மேல் உயர்ந்தால் இரண்டு தாள் சேர்ந்து வரும், தாழ்ந்தால் தாளே வராது. பெரிய இயந்திரங்களில் ஒரு தாள் முழுவதும் போய் முடியுமுன் அடுத்தது அதன் வாலின் கீழே நுழைந்து, மீன் செதில் போல ஒன்றன்மேல் ஒன்று படிந்து நகரும். இதன் பயனை ஒரு கணக்கால் காட்டலாம். மணிக்கு 9,000 தாள் என்றால் நொடிக்கு இரண்டரைத் தாள். 60 சென்ரிமீற்றர் நீளமான தாள்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தனித்தனியே ஓடினால் நொடிக்கு ஒன்றரை மீற்றர் வேகத்தில் வந்து முன்நிறுத்தியில் மோதும். மோதிய தாள் துள்ளிப் பின்வாங்கும், அல்லது விளிம்பு நெளியும். 15 சென்ரிமீற்றர் இடைவெளியில் செதில் போலப் படிந்து வந்தால் நொடிக்கு 37.5 சென்ரிமீற்றரே போதும். அதே எண்ணிக்கை, வேகம் நாலிலொன்று. இங்கே பலரும் வைத்திருக்கும் ஜீரிஓ போன்ற சிறிய இயந்திரங்கள் தனித்தாளாகவே ஊட்டுபவை. அவற்றை உச்ச வேகத்தில் ஓட்டிவிட்டுத் தாள் கோணுகிறது என்று இயந்திரத்தைப் பழிப்பதில் அர்த்தமில்லை.

இந்தச் செயல்கள் ஒவ்வொன்றும் தாள் ஒழுங்காக இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் அமைக்கப்பட்டிருக்கின்றன. எங்கள் முதற் பிழை அங்கேதான் நிகழ்கிறது. நான் ஓய்வு பெற்றபின் நண்பர் ஒருவருடைய அச்சகத்துக்குப் போயிருந்தபோது, அவருடைய இளம் இயக்குநர் இரண்டு மணி நேரமாக இரட்டைத் தாளோடு போராடிக்கொண்டிருந்தார். ஊது காற்றைக் கூட்டினார், குறைத்தார், சக்கர்களை மாற்றினார், பம்பையே கழற்றிப் பூட்டினார். நான் அடுக்கிலிருந்து ஒரு கைப்பிடித் தாளை எடுத்து விளிம்பை ஒளிக்கு எதிரே பிடித்தேன். விளிம்பு தட்டையாக, மினுமினுப்பாக, ஒரே பலகை போல இருந்தது. கட்டிங் மெசினின் கத்தி மொட்டையாகி, தாளை அறுக்காமல் நசுக்கி, விளிம்புகளை ஒன்றோடொன்று ஒட்டிவிட்டிருந்தது. கத்தியைத் தீட்டக் கொடுத்து எத்தனை மாதம் என்று கேட்டதற்கு யாருக்கும் நினைவில்லை. அந்தத் தாளையே நாலு பக்கமும் வளைத்து, விசிறி, காற்றுப் போகவிட்டு மறுபடி அடுக்கினோம். மெசின் அன்று மாலை வரை நிற்காமல் ஓடியது. ஒவ்செற் பிரிவில் நடக்கும் பல தவறுகளுக்குக் காரணம் பக்கத்து அறையில் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அடுத்தது ஈரம். அச்சுத் தாளைச் சோதிப்பதற்கான அனைத்துலக நியமம் 23 பாகை வெப்பத்தையும் 50 வீத ஈரப்பதனையும் அளவாகக் கொள்கிறது. எங்கள் குடாநாட்டுக் காற்றில் அதைவிட ஈரம் மிக அதிகம். வாடைக் காற்றோடு மழை இறங்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பொதி பிரித்து வைத்த தாளின் விளிம்பு அந்த ஈரத்தைக் குடித்து நீளும். நடுப்பகுதி அப்படியே இருக்கும். விளிம்பு அலை அலையாக நெளியும். காய்ந்த அறைக்குள் வைத்தாலோ விளிம்பு சுருங்கி நடு வயிறு தள்ளும். இரண்டு நிலையிலும் சக்கர் தாளைச் சரியாகப் பிடிக்காது, பிடித்தாலும் பிறன்ற் லேயில் ஒரு பக்கம் முன்னும் ஒரு பக்கம் பின்னுமாகவே நிற்கும். தாளின் நார்கள் ஓடும் திசையை இழை என்போம். தாள் இழையின் நீளவாக்கைவிட அதற்குக் குறுக்காகவே அதிகம் விரிவதால், நான்கு முறை போட வேண்டிய வேலைக்கு இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து வெட்ட வேண்டும். இழை உருளையின் அச்சுக்குச் சமாந்தரமாக இருப்பது நல்லது. ஒரு சிறு துண்டை நனைத்தால் அது எந்தப் பக்கமாகச் சுருள்கிறது என்பதைக் கொண்டே இழையை அறியலாம். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

கொழும்பிலிருந்து லொறியில் வந்திறங்கும் தாளை நேரே சீமெந்து நிலத்தில் அடுக்கி, வந்த அன்றே பொதியைக் கிழிக்கும் பழக்கத்தை விட வேண்டும். நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் பலகை போட்டு, சுவரில் முட்டாமல் அடுக்கி, மெசின் இருக்கும் அறையின் வெப்பத்துக்கு வரும்வரை ஒன்றிரண்டு நாள் பொதியோடே வைத்து, அன்றைக்குத் தேவையானதை மட்டும் பிரித்தெடுத்து, மாலையில் மிஞ்சியதை மூடி வைக்க வேண்டும். சுருண்ட தாளுக்கு அடுக்கின் கீழே ஆப்பு வைத்துச் சமப்படுத்துவது பழைய கை வித்தை. நாங்கள் பனஞ்சிலாகைத் துண்டுகளை இழைத்து வைத்திருந்தோம், வழுக்காது, பாரத்துக்கு நசியாது. தென்மேற்குக் காற்று வீசும் சோளகக் காலத்திலோ பிரச்சினை வேறு: செம்மண் தூசி பம்பின் வடிகட்டியில் படிந்து காற்றை அடைத்துவிடும். காற்றுக் குறைந்தது தெரியாமல் ஆளாளுக்கு ஸ்பிறிங்குகளை முறுக்கிக்கொண்டிருப்பார்கள். வாரத்தில் ஒருநாள் வடிகட்டியைக் கழற்றித் தட்டுவதற்குப் பத்து நிமிடம் ஆகும்.

1990க்குப் பின்னர் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பத்திரிகைத் தாள் வராமல், இங்குள்ள பத்திரிகைகள் பாடசாலை அப்பியாசக் கொப்பித் தாளில், கோடுகளின் மேலேயே அச்சாகி வந்ததைத் தங்கள் வாசகர்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நாங்களும் கிடைத்த தாளை எல்லாம் அச்சிட்டோம். அந்த மெல்லிய, நுண்துளை நிறைந்த தாளில் சக்கரின் உறிஞ்சு காற்று மேல் தாளைத் துளைத்துக்கொண்டு போய் அடுத்த தாளையும் பிடித்துவிடும். சக்கரின் இறப்பர் தேய்ந்தால் மாற்றுவதற்குக் கிடையாது. பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி வட்டம் வட்டமாக ஆக்கி, நடுவே ஆணியைக் காய்ச்சித் துளையிட்டுப் போட்டோம். துளையைச் சிறிதாக்கினால் இரட்டைத் தாள் குறைகிறது என்பதை நான் அறிந்தது எந்தக் கைநூலிலும் இல்லை, அந்த ரியூப் துண்டில்தான். மின்சாரம் இல்லாத மாதங்களில் கொட்டகையில் தூசி படிந்து கிடந்த ற்றெடிலைத் துடைத்தெடுத்து மறுபடியும் காலால் மிதித்தோம். அந்த வேலை அழகாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அன்று ஒரு தாள் வீணானால் மனம் பதைத்தது. ஒரு றீமில், அதாவது 500 தாளில், 20 தாள் வீணானால் நூற்றுக்கு நான்கு என்ற கணக்கு எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். இன்று கழிவுத் தாள் கூடைக்குள் எத்தனை போகிறது என்று எண்ணுபவர் யார்? 2022 மார்ச்சில் தாள் இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே தள்ளிப்போடப்பட்டன. அப்போது மட்டும் சில மாதங்களுக்கு எல்லோரும் எண்ணினார்கள்.

இனி, என்னை இக்கடிதம் எழுதவைத்த முக்கியமான விடயம். பீடர் பலகையின் தலைப்பில், இரண்டு தாள் சேர்ந்து வந்தால் உடனே இயந்திரத்தை நிறுத்தும் ஒரு சிறிய கருவி இருக்கும். பழைய இயந்திரங்களில் அது ஒரு சிறு சில்லும் அதற்குக் கீழே தாள் போகும் ஒரு நூலிடைவெளியும்தான். அதைச் சரிப்படுத்துவது மிக எளிது. அச்சிடப்போகும் அதே தாளில் விரலகலத்தில் இரண்டு நாடாத் துண்டுகளை வெட்டிக்கொள்ள வேண்டும். வழமையாகப் போக வேண்டிய தாளின் அளவுக்கு இடைவெளியை வைத்து, இரண்டு துண்டையும் சேர்த்துச் செருகினால் கருவி நிறுத்த வேண்டும். ஒன்றை மட்டும் செருகினால் நிறுத்தக் கூடாது. தாளின் தடிப்பு மாறும் ஒவ்வொரு வேலைக்கும் இதைப் புதிதாகச் செய்ய வேண்டும். சதுர மீற்றருக்கு 60 கிராம் எடையுள்ள தாளுக்கு வைத்த அளவில் 100 கிராம் தாளைப் போட்டால் கருவி ஒவ்வொரு தாளுக்கும் நிறுத்தும். அப்போது பையன் என்ன செய்கிறான்? ஒரு மெல்லிய கம்பியை எடுத்து அந்தச் சில்லைத் தூக்கிக் கட்டிவிடுகிறான். நான் போய்ப் பார்த்த அச்சகங்களில் கட்டப்படாத கருவியைக் கண்டது குறைவு. கேட்டால் வரும் மறுமொழி எல்லா இடத்திலும் ஒன்றுதான்: "அண்ணை, அது சும்மா சும்மா நிப்பாட்டுது, அதுதான் கட்டி விட்டனான்."

இப்படிச் சொல்ல எனக்கு உரிமை உண்டா என்று ஒருவர் கேட்கலாம். ஆகவே என் பிழையையும் எழுதிவிடுகிறேன். ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர் என் மேற்பார்வையில் ஒரு கல்வெட்டு, அதாவது இறந்தவரின் நினைவு நூல், அச்சானது. முப்பத்தொராம் நாள் அந்தியேட்டிக்குக் கொடுக்க வேண்டியது என்பதால் ஒருநாள் கூடப் பிந்த முடியாது. வேலை வந்ததே கடைசி வாரத்தில். இரவு வேலை. கருவியைக் கட்டியது யார் என்பது இப்போது முக்கியமில்லை. காலையில் வந்து அதை நான் பார்க்கவில்லை. இரண்டு தாள் சேர்ந்து போனால் மேல் தாளில் மட்டும் அச்சு விழும், கீழ்த் தாளின் அந்தப் பக்கம் வெள்ளையாகவே வெளியே வரும். மறுபக்கம் அச்சிட்டு, மடித்து, தைத்து முடித்தபின் புத்தகத்துக்குள் இரண்டு பக்கம் எழுத்தும் இரண்டு பக்கம் வெறுமையுமாக மாறி மாறி வரும். அந்தியேட்டி வீட்டில் சாப்பாடு முடிந்து வந்தவர்களுக்கெல்லாம் கல்வெட்டுக் கொடுத்தார்கள். எனக்குப் பக்கத்திலிருந்த வயோதிபர் ஒருவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வம்சாவளிப் பக்கத்தைத் தேடினார். தம் பெயரைப் பார்க்கத்தான். அந்தப் பக்கம் வெள்ளையாக இருந்தது. இறந்தவருடைய மகன் ஒன்றும் பேசாமல் அதை வாங்கிக்கொண்டு கட்டிலிருந்து வேறொன்றை எடுத்துக் கொடுத்தார். எடுக்கும்போது பக்கங்களைப் புரட்டிப் பார்த்தே எடுத்தார். எத்தனை புத்தகங்கள் அப்படிப் போயின என்பதை அறியும் துணிவு எனக்கு வரவில்லை. அதோடு, தடித்த இரட்டைத் தாள் உருளைக்குள் நெரிபடும்போது பிளாங்கற் எனப்படும் இறப்பர் விரிப்பு நசுங்கிவிடும். அதன் பிறகு அந்த இடத்தில் எந்த வேலையிலும் எழுத்து மங்கியே விழும். கம்பி கட்டி மிச்சப்படுத்திய நேரத்தின் விலை அது.

சைட் லே பற்றி ஒரு சொல். தாளின் ஒரு பக்கம் அச்சாகி, பக்கவாட்டாகத் திருப்பி மறுபக்கம் போடும்போது, கிரிப்பர் பிடிக்கும் விளிம்பு மாறாது, ஆனால் சைட் லே தொடும் விளிம்பு மாறிவிடும். ஆகவே சைட் லேயையும் மறுபுறத்துக்கு மாற்ற வேண்டும். அப்போதுதான் இரு முறையும் தாளின் ஒரே விளிம்பு தொட்டு நிற்கும், தாள் வெட்டியதில் ஒரு மில்லிமீற்றர் பிசகிருந்தாலும் முன்பின் பக்கங்கள் பொருந்தும். புத்தக வேலை செய்யும் அச்சகங்களில் கூட இதைச் செய்யாதவர்கள் இருக்கிறார்கள் என்பதற்குச் சாட்சி எங்கள் வீட்டு அலுமாரியிலேயே இருக்கிறது.

புதிய இயந்திரங்களில் இந்தத் துறை எவ்வளவோ முன்னேறிவிட்டது. ஹைடல்பேர்க்கின் எக்ஸ்எல் 106 வகை மணிக்கு 18,000 தாள் என்று தொடங்கி இப்போது 21,000 வரை போகிறது; தாள் முன்நிறுத்தியை நெருங்கும்போது அதை மெல்லப் பிடித்து வேகம் குறைக்கும் உறிஞ்சு நாடாக்கள், தாளின் அளவைச் சொன்னவுடன் தானாக இடம் மாறும் பீடர் தலை எல்லாம் உண்டு. அவற்றை வாங்கச் சொல்லி நான் எழுதவில்லை. ஆனால் அவற்றிலுள்ள ஒன்று எங்கள் பழைய இயந்திரங்களுக்கும் பொருந்தும்; அது செவிக்கெட்டாத ஒலியால் இரட்டைத் தாளைக் கண்டுபிடிக்கும் முறை. தாளுக்கு ஒரு பக்கம் ஒலி எழுப்பும் கருவியும் மறுபக்கம் அதைக் கேட்கும் கருவியும் இருக்கும். ஒரு தாளை அந்த ஒலி ஓரளவு ஊடுருவும். இரண்டு தாள் என்றால் நடுவே அகப்பட்ட காற்றுப் படலத்தில் ஒலி பெரும்பாலும் அடங்கிவிடும். தாளின் நிறம், அதிலுள்ள அச்சு எதுவும் இதைக் குழப்புவதில்லை. தடிப்பு மாறும்போதெல்லாம் நூலிடைவெளியைத் திருத்திக்கொண்டிருக்கவும் தேவையில்லை. வங்கிகளில் ஆவணங்களைப் படமெடுக்கும் பொறிகள் பலவற்றிலும் இதே முறைதான். செதிலாகத் தாள் படிந்து வரும் பெரிய இயந்திரங்களில் இதைப் பொருத்தும் இடத்தைக் கவனமாகத் தெரிய வேண்டும். ஏனெனில் அங்கே இரண்டு தாள் ஒன்றன்மேல் ஒன்று கிடப்பதே இயல்பு. தனித்தாளாக ஊட்டும் எங்கள் சிறிய இயந்திரங்களில் அந்தச் சிக்கலும் இல்லை.

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் 2014 முதல் இயங்கிவருகிறது. அங்குள்ள மாணவர்கள் ஆண்டுதோறும் செயற்றிட்டங்கள் செய்ய வேண்டியிருக்கும். பழைய ஒற்றை நிற இயந்திரம் ஒன்றுக்கு இத்தகைய கருவியைச் செய்து பொருத்துவது அவர்களுக்கு எட்டாத வேலையன்று என்றே நினைக்கிறேன். இயந்திரம் தர அச்சக உரிமையாளர் ஒருவர் முன்வந்தால் போதும். அதுவரை, உறிஞ்சு குழாயில் ஒரு அழுத்தமானியையும் சுவரில் ஒரு ஈரப்பதமானியையும் பூட்டிவைத்தாலே பாதி நோய் என்னவென்று தெரிந்துவிடும். இரண்டும் விலைகூடிய பொருள்களல்ல. காற்று எவ்வளவு இருக்கிறது என்பதை இன்றுவரை நாங்கள் உள்ளங்கையை வைத்துத்தான் சொல்லிவருகிறோம், வைத்தியர் நாடி பார்ப்பது போல.

பயிற்சியைப் பற்றியும் ஒரு வேண்டுகோள். அச்சுத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு இன்று கணினியில் பக்கம் வடிவமைக்கக் கற்றுக்கொடுக்க எத்தனையோ இடங்கள் இருக்கின்றன. அதன் பின் அந்தப் பக்கம் தாளில் எப்படி ஏறுகிறது என்பதைக் கற்றுக்கொடுக்க ஆளில்லை. முன்னர் ஒரு பையன் இரண்டு வருடம் தாளை அடுக்கிய பின்னர்தான் மெசினைத் தொட விடுவார்கள். அது நீண்ட காலம்தான். அதில் வீணான நாள்களும் உண்டு, அடியும் உண்டு, அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தாளை விசிறுவது, இழை பார்ப்பது, சக்கர் மாற்றுவது, பம்பைத் துப்புரவாக்குவது, இரட்டைத் தாள் கருவியை வைப்பது ஆகிய இவ்வளவையும் மூன்று நான்கு சனிக்கிழமைகளில் ஓடும் மெசினுக்குப் பக்கத்தில் நிறுத்திக் கற்பித்துவிடலாம். அச்சக உரிமையாளர்கள் தங்களுக்குள் கூடி, சுன்னாகத்திலோ பட்டினத்திலோ ஒரு அச்சகத்தின் ஓய்வு நாளைப் பயன்படுத்தி இதைத் தொடங்கலாம். தொழினுட்பக் கல்லூரியின் கதவையும் தட்டிப் பார்க்கலாம்.

அப்படி யாராவது தொடங்கினால் நானும் வருகிறேன். கூலி வேண்டாம், பேருந்தில் வந்து போவேன். கட்டிவைத்த கம்பியை அவிழ்த்து அந்தக் கருவியைச் சரியாக வைத்துக் காட்ட ஒரு காலைப்பொழுது போதும். அன்றைக்கு அச்சிடப்போகும் அதே தாளில் விரலகலத்தில் இரண்டு துண்டுகளை மட்டும் முன்கூட்டியே வெட்டி வைத்திருக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அச்சு இயந்திர இயக்குநர்,
வண்ணார்பண்ணை,
யாழ்ப்பாணம்.